எண்ணிமக் கட்டளைக் கட்டுப்பாடு (மாதிரித் தொடர்வண்டி)

எண்ணிமக் கட்டளைக் கட்டுப்பாடு என்பது ஒரே பாதையில் நிற்கும் பல மாதிரித் தொடர்வண்டிகளைத் தனித்தனியாக இயக்குவதற்குப் பயன்படும் மின்னணுவியல் முறை ஆகும். இது சுருக்கமாக டி.சி.சி. என வழங்கப்படுகிறது. இம்முறையில் தண்டவாளத்தில் எப்பொழுதும் முழு மின்னழுத்தம் இருக்கும். வேகம், திசை, விளக்கு, ஒலி ஆகியவற்றுக்கான கட்டளைகள் அதே தண்டவாளத்தின் வழியாகவே எண்ணிமக் குறிகைகளாக அனுப்பப்படுகின்றன. ஒவ்வோர் இழுபொறியினுள்ளும் பொருத்தப்பட்டுள்ள குறிவிலக்கி, தனக்குரிய முகவரியைத் தாங்கி வரும் கட்டளையை மட்டும் ஏற்று, மின்னோடியை இயக்குகிறது. பொழுதுபோக்காளர்கள் இக்கருவியை டிகோடர் என்றே அழைப்பர்.

பழைய முறையில் தண்டவாளமே கட்டுப்படுத்தப்பட்டது. இம்முறையில் இழுபொறி கட்டுப்படுத்தப்படுகிறது. இவ்வேறுபாடு புதுச்சேரி போன்ற முனைய நிலையங்களை மாதிரியாக அமைக்கும்போது தெளிவாகப் புலப்படும். அங்கு ஒரே பாதையில் இரண்டு இழுபொறிகள் அருகருகே வேலை செய்ய வேண்டியுள்ளது.

பின்னணி

மாதிரித் தொடர்வண்டிகளில் நெடுங்காலம் நேர்மின்னோட்ட முறையே பயன்பாட்டில் இருந்தது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 0 முதல் 12 வோல்ட்டு வரை மாறும் நேர்மின்னழுத்தம் கொடுக்கப்படும். அழுத்தத்தைக் கூட்டினால் வண்டி விரைவாக ஓடும். முனைகளை மாற்றினால் பின்னோக்கி ஓடும். இம்முறை எளிமையானது, செலவு குறைந்தது.

இதன் குறை என்னவெனில், தண்டவாளத்தில் எத்தனை இழுபொறிகள் இருந்தாலும் அவை அனைத்தும் ஒன்றாகவே புறப்படும், ஒன்றாகவே நிற்கும். ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஓட்ட வேண்டுமாயின், பாதையைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனி மின்கம்பியும் தனி ஆளியும் அமைக்க வேண்டும். பெரிய அமைப்புகளில் இத்தகைய ஆளிகளின் எண்ணிக்கை பல பத்துகளாகப் பெருகும். ஓட்டுபவரின் கவனம் வண்டியை விட்டு ஆளிகளின் மேல் சென்றுவிடும். மேலும், வண்டி நிற்கும்போது தண்டவாளத்தில் மின்சாரம் இராது. ஆகவே நிலையத்தில் நிற்கும் வண்டியின் விளக்குகளும் அணைந்துவிடும்.

வரலாறு

பல இழுபொறிகளைத் தனித்தனியாக இயக்கும் முயற்சிகள் எண்ணிமக் காலத்துக்கு முன்னரே தொடங்கின. அமெரிக்காவின் செனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1960களில் அசுட்ராக் என்னும் முறையை வெளியிட்டது. பிரித்தானியாவின் ஆர்ன்பி நிறுவனம் 1979ஆம் ஆண்டில் சீரோ 1 என்னும் முறையை அறிமுகப்படுத்தியது. இதில் 16 இழுபொறிகள் வரை இயக்க இயலும். செருமனியின் மார்க்கிலின் நிறுவனம் 1980களின் நடுப்பகுதியில் மோட்டரோலா நிறுவனத்தின் நுண்சில்லுகளைக் கொண்டு தனது எண்ணிம முறையை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இன்று டி.சி.சி. என அறியப்படும் முறைக்கு அடிப்படை அமைத்தது செருமனியின் லென்சு எலக்ட்ரானிக் நிறுவனம் ஆகும். இந்நிறுவனம் 1980களின் இறுதியில் அர்னால்டு, மார்க்கிலின் ஆகிய நிறுவனங்களுக்காக இரு தண்டவாள நேர்மின் மாதிரிகளுக்கு ஏற்ற எண்ணிம முறையை உருவாக்கியது. அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் அந்நிறுவனத்தின் வண்டிகளுடன் மட்டுமே இயங்கியது.

இந்நிலையை மாற்ற அமெரிக்காவின் தேசிய மாதிரித் தொடர்வண்டிச் சங்கம் முயன்றது. 1935இல் தொடங்கப்பட்ட இச்சங்கம், பல முறைகளை ஆராய்ந்து லென்சு நிறுவனத்தின் முறையை அடிப்படையாக ஏற்றது. மின்குறிகைக்கான எஸ்-9.1, கட்டளைப் பொதிகளுக்கான எஸ்-9.2 ஆகிய சீர்தரங்கள் 1990களின் நடுப்பகுதியில் நடைமுறைக்கு வந்தன. ஐரோப்பாவில் மோரோப் என்னும் கூட்டமைப்பு இவற்றுக்கு இணையான நெம் 670, நெம் 671 ஆகிய சீர்தரங்களை வெளியிட்டது. இதன் பயனாக ஒரு நிறுவனத்தின் குறிவிலக்கியை மற்றொரு நிறுவனத்தின் கட்டளை மையத்தைக் கொண்டு இயக்க முடிகிறது.

உறுப்புகள்

ஒரு டி.சி.சி. அமைப்பில் பின்வரும் உறுப்புகள் உள்ளன.

மின்வழங்கி: வீட்டு மின்சாரத்தைப் பாதுகாப்பான தாழ் அழுத்தத்துக்கு மாற்றித் தருவது.

கட்டளை மையம்: ஓட்டுபவரின் விருப்பத்தைக் கட்டளைப் பொதிகளாக மாற்றுவது.

திறன் பெருக்கி: அப்பொதிகளைத் தண்டவாளத்துக்கு வேண்டிய மின்னழுத்தமும் மின்னோட்டமும் உடையனவாகப் பெருக்குவது. சிறிய அமைப்புகளில் இதுவும் கட்டளை மையமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். எச்.ஓ. அளவு மாதிரிகளில் தண்டவாள மின்னழுத்தம் பெரும்பாலும் 14 முதல் 16 வோல்ட்டு வரை இருக்கும்.

கைக்கட்டுப்படுத்தி: வேகக் குமிழும் பொத்தான்களும் உடைய கைக்கருவி. கம்பியுடனும் கம்பியில்லாமலும் கிடைக்கிறது.

குறிவிலக்கி: இழுபொறியினுள் இருப்பது. பாதைமாற்றிகளுக்கும் கைகாட்டிகளுக்கும் தனி வகைக் குறிவிலக்கிகள் உள்ளன.

குறிகையின் அமைப்பு

தண்டவாளத்தில் உள்ள மின்னழுத்தம் தொடர்ந்து முனை மாறிக்கொண்டே இருக்கும். தகவல் இருப்பது மின்னழுத்தத்தின் அளவில் அன்று, முனைமாற்றங்களுக்கு இடைப்பட்ட காலத்திலாகும். ஒவ்வொரு பாதிச் சுற்றும் 58 மைக்ரோ நொடி நீடித்தால் அது 1 என்னும் பிட்டு. 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ நீடித்தால் அது 0 என்னும் பிட்டு. இதனால் இழுபொறியைத் திருப்பி வைத்தாலும் கட்டளை மாறுவதில்லை. முன்னோக்கி என்னும் கட்டளை, இழுபொறியின் முகப்பு எந்தப் பக்கம் உள்ளதோ அந்தப் பக்கத்தையே குறிக்கும்.

ஒரு கட்டளைப் பொதியில் முதலில் குறைந்தது பதினான்கு 1 பிட்டுகள் வரும். இவை வரவிருக்கும் கட்டளையை முன்னறிவிப்பவை. பின்னர் முகவரிப் பைட்டும் கட்டளைப் பைட்டும் சரிபார்ப்புப் பைட்டும் வரும். ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு 0 பிட்டும், இறுதியில் ஒரு 1 பிட்டும் அமையும்.

எடுத்துக்காட்டாக, முகவரி 3 உடைய இழுபொறியை 28 படி வேகமுறையில் 6ஆம் படியில் முன்னோக்கி ஓட்டும் கட்டளை பின்வருமாறு அமையும்.

முகவரி: 00000011
கட்டளை: 01110100
சரிபார்ப்பு: 01110111

மூன்றாவது பைட்டு, முதலிரண்டையும் பிட்டு பிட்டாக ஒப்பிட்டுப் பெறப்படுகிறது. ஒரே இடத்தில் இரண்டும் ஒத்திருந்தால் 0, வேறுபட்டால் 1. குறிவிலக்கி இதே கணக்கைத் தானும் செய்து பார்க்கும். விடை ஒத்துவராவிட்டால் அப்பொதியைப் புறக்கணித்துவிடும். இந்தப் பொதி முழுவதும் கடந்து செல்ல ஏறத்தாழ 6 மில்லி நொடிகள் போதும். கட்டளை மையம் ஒவ்வோர் இழுபொறிக்கும் உரிய பொதிகளைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பதால், ஒரு பொதி தவறினாலும் அடுத்தது சென்று சேரும்.

பழைய இழுபொறியை மாற்றியமைத்தல்

அண்மைக்கால மாதிரிகள் பலவற்றில் குறிவிலக்கியைச் செருகுவதற்கான பொருத்துவாய் உள்ளது. 6 முனை உடையது நெம் 651 எனவும், 8 முனை உடையது நெம் 652 எனவும் வழங்கப்படும். 21 முனை, பிளக்ஸ் 22, நெக்ஸ்ட் 18 ஆகிய வகைகளும் உள்ளன. இவற்றில் வெற்றுச் செருகியை நீக்கிவிட்டுக் குறிவிலக்கியைச் செருகினால் போதும். பொருத்துவாய் இல்லாத பழைய மாதிரிகளில் கம்பிகளைப் பற்றவைத்து மாற்ற வேண்டியுள்ளது. இவ்வேலை பின்வரும் படிகளைக் கொண்டது.

மின்னோட்டத்தை அளத்தல்

முதலில் இழுபொறி நேர்மின்னோட்டத்தில் நன்றாக ஓடுகிறதா எனப் பார்க்க வேண்டும். அழுக்கடைந்த சக்கரம், தேய்ந்த கரித்தூரிகை, வறண்ட பற்சக்கரம் ஆகிய குறைகளைக் குறிவிலக்கி நீக்குவதில்லை. அவற்றை மிகுதியாகவே வெளிக்காட்டும். பின்னர் 12 வோல்ட்டு அழுத்தத்தில் சக்கரத்தைச் சில கணங்கள் மட்டும் அசையாமல் பிடித்து, மின்னோடி இழுக்கும் மின்னோட்டத்தை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். குறிவிலக்கியின் திறன் இந்த அளவைவிடக் கூடுதலாக இருத்தல் வேண்டும். எச்.ஓ. அளவுக்குரிய குறிவிலக்கிகள் பல 1 ஆம்பியர் அளவின. பழைய மின்னோடிகள் சில இதனை மிஞ்சக்கூடும். அத்தகைய மாதிரிகளில் மின்னோடியையே மாற்றுவது நல்லது.

மின்னோடியைத் தனிமைப்படுத்துதல்

மாற்றியமைத்தலில் மிக முக்கியமான படி இதுவே. பழைய மாதிரிகள் பலவற்றில் மின்னோடியின் ஒரு தூரிகை உலோக அடிச்சட்டத்தைத் தொட்டு, அதன் வழியாகத் தண்டவாள மின்சாரத்தைப் பெறும். குறிவிலக்கியைப் பொருத்தும்போது மின்னோடியின் இரு முனைகளும் குறிவிலக்கியுடன் மட்டுமே இணைந்திருக்க வேண்டும். தண்டவாளத்துடனோ அடிச்சட்டத்துடனோ அவற்றுக்குச் சிறு தொடர்பு இருந்தாலும், மின்சாரம் செலுத்திய கணத்திலேயே குறிவிலக்கி கருகிவிடும். ஆகவே தூரிகைக்கும் சட்டத்துக்கும் இடையே மின்காப்புத் தகடு வைத்து, மல்டிமீட்டரால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒவ்வொரு தூரிகைக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். சட்டத்தை மேலுறையுடன் திருகிய பின்னரும் இச்சோதனையை ஒருமுறை செய்தல் வேண்டும்; திருகாணியே தொடர்பை உண்டாக்கிவிடுவது உண்டு.

கம்பிகளை இணைத்தல்

குறிவிலக்கியின் கம்பி நிறங்கள் சீர்தரப்படுத்தப்பட்டவை.

சிவப்பு – வலப்பக்கத் தண்டவாளம்
கருப்பு – இடப்பக்கத் தண்டவாளம்
செம்மஞ்சள் – மின்னோடியின் ஒரு முனை
சாம்பல் – மின்னோடியின் மறுமுனை
வெள்ளை – முன் விளக்கு
மஞ்சள் – பின் விளக்கு
நீலம் – விளக்குகளுக்கான பொது நேர்முனை
பச்சை, ஊதா – கூடுதல் செயல்கள்

இழுபொறி எதிர்த்திசையில் ஓடினால் செம்மஞ்சள் கம்பியையும் சாம்பல் கம்பியையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும். எல்.இ.டி. விளக்குகளைப் பயன்படுத்தினால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 1 கிலோ ஓம் மின்தடையைத் தொடரிணைப்பில் சேர்க்க வேண்டும். பற்றவைத்த இடங்களை வெப்பத்தால் சுருங்கும் குழாய் கொண்டு மூடுவது வழக்கம். குறிவிலக்கி சூடாகும் தன்மையுடையதாகையால் அதனை முழுவதும் நாடாவால் சுற்றிவிடக் கூடாது.

முதற்சோதனை

மேலுறையைப் பூட்டுவதற்கு முன்னர் இழுபொறியை நிரலாக்கப் பாதையில் வைத்துச் சோதிக்க வேண்டும். இது முதன்மைப் பாதையுடன் இணையாத ஒரு சிறு தண்டவாளத் துண்டு ஆகும். இங்குக் கட்டளை மையம் குறைந்த அளவு மின்னோட்டத்தையே செலுத்துவதால், இணைப்பில் தவறு இருந்தாலும் குறிவிலக்கி தப்பிக்க வாய்ப்புண்டு. குறிவிலக்கியிடமிருந்து முகவரியைப் படிக்க முடிந்தால் இணைப்புகள் பெரும்பாலும் சரி எனக் கொள்ளலாம்.

அமைப்பு மாறிகள்

குறிவிலக்கியின் நினைவகத்தில் உள்ள எண்கள் அமைப்பு மாறிகள் எனப்படும். இவை சி.வி. என்னும் எழுத்துகளாலும் ஓர் எண்ணாலும் குறிக்கப்படுகின்றன. மின்சாரம் நின்றாலும் இவை அழிவதில்லை. முக்கியமானவை வருமாறு.

சி.வி. 1 – குறு முகவரி (1 முதல் 127 வரை). புதிய குறிவிலக்கியில் இது 3 ஆக இருக்கும்.
சி.வி. 2 – புறப்படுவதற்குரிய தொடக்க மின்னழுத்தம்
சி.வி. 3 – வேகம் கூடும் வீதம்
சி.வி. 4 – வேகம் குறையும் வீதம்
சி.வி. 5 – உச்ச வேகம்
சி.வி. 8 – உற்பத்தி நிறுவனத்தின் எண்
சி.வி. 17, 18 – நீள் முகவரி
சி.வி. 19 – இணைந்தியங்கும் இழுபொறிகளுக்கான பொது முகவரி
சி.வி. 29 – அடிப்படை அமைப்பு

இழுபொறியின் பக்கவாட்டில் எழுதப்பட்டுள்ள எண்ணையே முகவரியாக வைத்துக்கொள்வது பொதுவான வழக்கம். நான்கு இலக்க எண்ணாயின் நீள் முகவரி தேவைப்படும். எண்ணை 256ஆல் வகுத்து, ஈவுடன் 192ஐக் கூட்டி சி.வி. 17இலும், மீதியை சி.வி. 18இலும் எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக 6500 என்னும் எண்ணுக்கு ஈவு 25, மீதி 100. எனவே சி.வி. 17 = 217, சி.வி. 18 = 100. இவற்றுடன் சி.வி. 29இல் நீள் முகவரிக்குரிய 32, 28 அல்லது 128 படி வேகமுறைக்குரிய 2 ஆகியவற்றைக் கூட்டி 34 என எழுத வேண்டும். இழுபொறி நேர்மின்னோட்டப் பாதையிலும் ஓட வேண்டுமாயின் 4 கூட்டப்பட்டு 38 ஆகும். பெரும்பாலான கட்டளை மையங்கள் இக்கணக்கைத் தாமே செய்துகொள்கின்றன.

சி.வி. 3, சி.வி. 4 ஆகியவற்றில் கூடுதலான எண்களை எழுதினால், இழுபொறி பெரும் சுமையுடன் மெல்ல வேகமெடுப்பது போலவும், நெடுந்தொலைவு ஓடி நிற்பது போலவும் தோன்றும். ஆயினும் நிலையத்தின் தடுப்புக் கட்டைக்கு அருகில் நிறுத்த வேண்டிய இழுபொறிக்கு சி.வி. 4 மிகுந்தால் ஓட்டுபவர் இடத்தைத் தவறவிட நேரும்.

பாதையின் மின்னிணைப்பும் பாதுகாப்பும்

இரு கம்பிகளை இணைத்தால் டி.சி.சி. இயங்கிவிடும் எனக் கூறப்படுவது உண்டு. சிறிய வட்டப்பாதைக்கு இது பொருந்தும். பெரிய அமைப்புக்குத் தடித்த இணைப்புக் கம்பி ஒன்றைப் பலகையின் அடியில் முழு நீளத்துக்கும் கொண்டுசென்று, தண்டவாளத்தின் ஒவ்வொரு துண்டிலிருந்தும் மெல்லிய கம்பியை அதனுடன் இணைக்க வேண்டும். தண்டவாள இணைப்புத் தகடுகளை மட்டும் நம்பினால் நாளடைவில் மின்தடை கூடும்.

இதில் கவனிக்கத்தக்கது தீப்பாதுகாப்பு ஆகும். நேர்மின் முறையில் சிறிய மின்வழங்கிகள் குறைந்த மின்னோட்டத்தையே தந்தன. டி.சி.சி. முறையில் திறன் பெருக்கி 15 வோல்ட்டில் 5 ஆம்பியர், அதாவது 75 வாட்டு வரை தரக்கூடும். மின்னணுப் பொருள்களைப் பற்றவைக்கும் சிறிய சூட்டுக்கோல் பெரும்பாலும் 25 வாட்டு அளவினதே. சக்கரம் தடம் புரண்டு குறுக்குச் சுற்று ஏற்பட்டால், திறன் பெருக்கி தானாக மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். கம்பி மெல்லியதாகவோ நீண்டதாகவோ இருந்தால் அதன் மின்தடையே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். அப்பொழுது திறன் பெருக்கி குறுக்குச் சுற்றை உணராமல் தொடர்ந்து மின்சாரம் செலுத்தும். சக்கரமும் நெகிழி அடிச்சட்டமும் உருகிவிடும்.

இதனைத் தவிர்க்க நாணயச் சோதனை செய்யப்படுகிறது. இரு தண்டவாளங்களின் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்தவுடன் திறன் பெருக்கி மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பாதையின் எந்த இடத்தில் துண்டிப்பு நிகழவில்லையோ அங்குக் கூடுதல் இணைப்புக் கம்பி தேவை என்பது பொருள்.

பாதை வளைந்து சென்று தன்னுடனேயே சேரும் திருப்பு வளையத்தில் இடத் தண்டவாளமும் வலத் தண்டவாளமும் சந்தித்துக் குறுக்குச் சுற்று உண்டாகும். அத்துண்டை இரு முனைகளிலும் பிரித்து, தானியங்கு முனைமாற்றியை இணைக்க வேண்டும்.

முனைய நிலையம்: புதுச்சேரி

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் தொடர்வண்டிப் பாதை 1879ஆம் ஆண்டில் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது. அப்பொழுது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. பாதையைத் தென்னிந்திய இரயில்வே நிறுவனம் இயக்கியது. ஏறத்தாழ 38 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையில் வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் ஆகிய நிலையங்கள் உள்ளன. நகரின் தென்புறத்தில் அமைந்துள்ள புதுச்சேரி நிலையத்தில் பாதை முடிவடைகிறது. 2000களின் முற்பகுதியில் இது அகலப்பாதையாக மாற்றப்பட்டது, பின்னர் மின்மயமாக்கப்பட்டது.

38 கிலோமீட்டரை 1:87 என்னும் எச்.ஓ. அளவில் அமைத்தால் அதன் நீளம் ஏறத்தாழ 437 மீட்டர் ஆகும். எனவே வீட்டில் முழுப் பாதையையும் அமைப்பது இயலாது. நிலையத்தை மட்டும் அமைப்பதே இயல்பு. முனைய நிலையத்தில் நடைபெறும் பணியே மாதிரி அமைப்புக்குச் சுவை தருவதாகும். வந்து சேரும் வண்டியின் இழுபொறி தடுப்புக் கட்டையின் பக்கம் அகப்பட்டுக்கொள்கிறது. அது வண்டியிலிருந்து கழற்றப்பட்டு, சற்று முன்சென்று, பாதைமாற்றி வழியாக அடுத்த பாதைக்கு மாறி, வண்டியின் மறுமுனைக்கு வந்து சேர வேண்டும். அல்லது வேறோர் இழுபொறி மறுமுனையில் வந்து இணைய வேண்டும்.

நேர்மின் முறையில் இரண்டாவது வழியைப் பின்பற்ற, ஒவ்வொரு நடைமேடைப் பாதையையும் குறைந்தது இரண்டு துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். இழுபொறி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை நிலையத்தின் அமைப்பு அன்றி, துண்டு முடியும் இடமே தீர்மானிக்கும். டி.சி.சி. முறையில் இக்கட்டுப்பாடு இல்லை. வந்த இழுபொறி விளக்கெரிய நின்றிருக்க, புதிய இழுபொறி விரற்கடை அளவாக நகர்ந்து பெட்டியுடன் இணையலாம்.

மீட்டர் பாதைக் காலத்தை அமைக்க விரும்புவோர் பாதை அகலத்தையும் கருத வேண்டும். 1000 மி.மீ. அகலம் 1:87 அளவில் 11.5 மி.மீ. ஆகிறது. இதற்கு எச்.ஓ.எம். எனப்படும் 12 மி.மீ. பாதை பயன்படுகிறது. 1:120 அளவுடைய டி.டி. வகை மாதிரிகளின் பாதையும் 12 மி.மீ. அகலமே என்பதால், அவற்றின் அடிச்சட்டத்தின் மேல் 1:87 அளவு மேலுறையைச் செய்து பொருத்த இயலும். இந்திய அகலப்பாதையின் 1676 மி.மீ. அகலம் 1:87 அளவில் 19.3 மி.மீ. ஆகும். கடைகளில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5 மி.மீ. அகலமுடையது, இது 1435 மி.மீ. பாதைக்கு உரியது. ஆகவே இந்திய அகலப்பாதை வண்டிகளை இத்தண்டவாளத்தில் ஓட்டுவோர் அகல வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்கின்றனர்.

மீட்டர் பாதையில் பரவலாக ஓடிய ஒய்.டி.எம்.-4 டீசல் இழுபொறி, அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் டி.எல். 535 வடிவமைப்பைச் சேர்ந்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த இழுபொறிகள் வட அமெரிக்காவின் ஒயிட் பாசு யூக்கான் இருப்புப்பாதையிலும் ஓடின. அவற்றின் மாதிரி 45 மி.மீ. பாதையில் ஓடும் பெரிய அளவில் வெளிவந்துள்ளது. ஒரு வண்டியின் மாதிரி கிடைக்காதபோது அதன் உறவு வண்டியைத் தேடி மாற்றியமைப்பது இப்பொழுதுபோக்கில் பழகிய வழியாகும்.

தமிழ்நாட்டில் பயணிகள் போக்குவரத்துக்கு எஞ்சியுள்ள மீட்டர் பாதை நீலகிரி மலை இரயில் பாதை ஒன்றே. புதுச்சேரிப் பாதை உள்ளிட்ட பிற பாதைகளில் இழுபொறிகள் எவ்வாறு கழற்றப்பட்டு மாற்றி இணைக்கப்பட்டன என்பதை இனி நேரில் காண இயலாது. நிழற்படம் வண்டியின் தோற்றத்தைக் காட்டும். பணிமுறையை இயங்கும் மாதிரியே காட்ட வல்லது.

கடற்கரை ஊர்களில் பராமரிப்பு

டி.சி.சி. முறையில் மின்சாரமும் கட்டளையும் ஒரே தொடுமுனை வழியாகச் செல்வதால், தண்டவாளத்தின் தூய்மை மிக முக்கியமானது. நேர்மின் முறையில் அழுக்கான இடத்தில் வண்டி சற்றுத் தயங்கும். டி.சி.சி. முறையிலோ குறிவிலக்கி மின்சாரத்தை இழந்து மீண்டும் தொடங்க வேண்டியிருப்பதால் ஒலி அறுபடும், விளக்கு சிமிட்டும்.

புதுச்சேரி, காரைக்கால், சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் ஈரப்பதமும் உலோகத்தை விரைவில் மங்கச் செய்கின்றன. எஃகுத் தண்டவாளம் துருப்பிடிக்கும். பித்தளையின் மேல் மின் கடத்தாப் படலம் உண்டாகும். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த நிக்கல் வெள்ளித் தண்டவாளமே இவ்விடங்களுக்கு ஏற்றது. பெயரில் வெள்ளி இருப்பினும் இதில் வெள்ளி இல்லை.

தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்ககால் தோய்ந்த துணியால் துடைப்பது வழக்கம். இது எளிதில் தீப்பற்றக்கூடியது. ஆகவே மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே துடைக்க வேண்டும். முரட்டு உப்புத்தாளால் தேய்த்தால் கீறல்களில் அழுக்கு மேலும் விரைவாகச் சேரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மரப்பலகை ஈரத்தை ஈர்த்து விரிவதால் தண்டவாள இடைவெளிகளையும் கவனிக்க வேண்டும். குறிவிலக்கியுடன் மின்தேக்கி ஒன்றை இணைத்தால், மின்தொடர்பு கணநேரம் அறுபட்டாலும் இழுபொறி நிற்காமல் கடந்துவிடும்.

கணினியும் திறந்த மூல மென்பொருளும்

கட்டளை மையத்தைக் கணினியுடன் இணைத்து இயக்க இயலும். ஜே.எம்.ஆர்.ஐ. என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. இதன் டிகோடர்புரோ என்னும் பகுதி, அமைப்பு மாறிகளை எண்களாக அன்றிப் பெயர்களுடன் காட்டி மாற்ற உதவுகிறது. செல்பேசியையே கைக்கட்டுப்படுத்தியாகப் பயன்படுத்தவும் இம்மென்பொருள் வழி செய்கிறது.

2015ஆம் ஆண்டில் வெளிவந்த டி.சி.சி. பிளசுபிளசு என்னும் திட்டம், ஆர்டுயினோ மின்பலகையையும் மின்னோடி இயக்கிப் பலகையையும் கொண்டு கட்டளை மையம் அமைக்கும் வழியைத் தந்தது. இதன் தொடர்ச்சியாக டி.சி.சி.-ஈ.எக்ஸ். திட்டம் தன்னார்வலர்களால் வளர்க்கப்படுகிறது. ஆர்டுயினோ வகைப் பலகைகள் இந்திய நகரங்களின் மின்னணுப் பொருள் கடைகளில் கிடைப்பதால், வெளிநாட்டிலிருந்து கட்டளை மையத்தை வரவழைக்கும் செலவைத் தவிர்க்க இது உதவுகிறது. குறிவிலக்கிகளைப் பெரும்பாலும் வரவழைக்கவே வேண்டியுள்ளது.

இந்தியாவில் மாதிரித் தொடர்வண்டிகள்

இந்தியாவில் மாதிரித் தொடர்வண்டிகளின் பழைய எடுத்துக்காட்டு குவாலியரின் செய் விலாசு அரண்மனையில் உள்ள வெள்ளித் தொடர்வண்டி ஆகும். இது உணவு மேசையின் மேல் ஓடி விருந்தினர்க்குப் பானங்களைக் கொண்டு சேர்க்கும். பொதுமக்கள் காணத்தக்க இயங்கும் மாதிரி அமைப்பு புனே நகரின் கோத்ரூடு பகுதியில் உள்ள சோசி சிற்றுரு இரயில்வே அருங்காட்சியகத்தில் உள்ளது. இது 1998இல் திறக்கப்பட்டது. முழு அளவு வண்டிகளை நேரில் கண்டு அளவெடுக்க விரும்பும் தமிழ்நாட்டு ஆர்வலர்களுக்குச் சென்னையில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையைச் சார்ந்த இரயில் அருங்காட்சியகம் பயன்படுகிறது.

குறைபாடுகள்

ஒவ்வோர் இழுபொறிக்கும் தனித்தனிக் குறிவிலக்கி தேவைப்படுவதால், பல இழுபொறிகள் வைத்திருப்போருக்கு மாற்றத்தின் செலவு மிகுதி. குறிவிலக்கி இல்லாத இழுபொறியை டி.சி.சி. பாதையில் நிறுத்தி வைத்தால், மாறிக்கொண்டே இருக்கும் முனைகளால் மின்னோடி இரைந்து சூடாகும். சில கட்டளை மையங்கள் 0 பிட்டின் ஒரு பாதியை நீட்டி அத்தகைய ஓர் இழுபொறியை ஓட்ட வழி தருகின்றன. ஆயினும் உள்ளகமற்ற சிறு மின்னோடிகள் இதனால் விரைவில் பழுதடையும்.

அடிப்படை டி.சி.சி. முறையில் தகவல் ஒரு திசையில் மட்டுமே செல்கிறது. இழுபொறி எங்கு உள்ளது என்பதைக் கட்டளை மையம் அறியாது. இக்குறையைப் போக்க லென்சு நிறுவனம் இரயில்காம் என்னும் இருவழித் தொடர்பு முறையை உருவாக்கியது. இதற்கு ஏற்ற குறிவிலக்கியும் உணரிகளும் தேவை. இரண்டு அல்லது மூன்று இழுபொறிகள் மட்டும் ஓடும் சிறு வட்டப்பாதைக்கு நேர்மின் முறையே இன்றும் போதுமானதாக உள்ளது.